கல்வெட்டில் எட்டு புள்ளி ஒன்று

கல்லில் வெட்டி வைப்பதற்கென்று உலகத்தில் சில சங்கதிகள் உண்டு. ராசா கொடுத்த நிலம், கோயிலுக்கு விட்ட மாடு, செத்தவர் பேர். இந்த வரிசையில் ஒரு மென்பொருளின் பதிப்பு எண்ணையும் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை, பெரம்பலூர் அரியலூர் வெங்காயம் மற்றும் முந்திரிக் கிடங்கு நவீனமயமாக்கல் ஆணையத்தைச் சேரும்.

ஆலத்தூர் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஆணையத்தின் கிடங்கு. வாசலில் ஆள் உயரத்துக்குக் கருங்கல். அதில் பொன்னிற எழுத்தில், ‘8.1 பதிப்பில் இயங்கும் இக்கணினிமயக் கிடங்கினை மாண்புமிகு அவர்கள் தமது பொற்கரங்களால் கடவுச்சொல் தட்டித் திறந்து வைத்தார்கள்’ என்று இருக்கும். மாண்புமிகுவின் பெயர் மட்டும் மற்ற எழுத்துகளைவிட மூன்று மடங்கு பெரிசு. வெங்காயம் என்ற சொல் கல்லில் எங்கேயும் கிடையாது. இடம் போதவில்லையாம்.

கிடங்கின் ஒப்பந்தக் கணினி உதவியாளர் வெற்றிச்செல்வி தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தக் கல்லைத் தாண்டித்தான் உள்ளே போவாள். ஆவணியில் ஒரு காலை வரைக்கும் அதை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றிலிருந்து அதைப் பார்க்காமல் தாண்ட முடியவில்லை.

விஷயம் இதுதான். கிடங்கில் காற்றாடி சுழல்வதும் கதவு திறப்பதும் வாசல் மின்பலகையில் எழுத்து ஓடுவதும் ஒரு நிரல் சொல்கிறபடி நடக்கிறது. அந்த நிரல் ஒரு கணினி மொழியில் எழுதப்பட்டது. மொழியை ஆக்கியவர்கள், எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள், ஓர் அறிவிப்பு விட்டிருந்தார்கள். மொழியை ஓட்டி வைக்கிற ரன்டைமின் 8.1 பதிப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது. அளவுக்கு மீறி நீளமான ஒரு செய்தியை அனுப்பினால், அதன் வால் பகுதியைக் கட்டளை என்று நினைத்து அது நிறைவேற்றிவிடும். முன்பின் தெரியாதவன்கூட உள்ளே வந்து எதையும் செய்யலாம். ஆகவே உடனே 8.4 பதிப்புக்கு மாறுங்கள், இலவசம்.

படித்ததும் அவளுக்கு முதலில் நினைவு வந்தது அம்மாவின் விதை வெங்காயம்.

கொளஞ்சியம்மாள் வருசா வருசம் காட்டு ஓரத்தில் மூங்கிலும் தட்டையும் வைத்துப் பட்டறை போட்டு, அதில்தான் விதைக்கான சின்ன வெங்காயத்தைக் காத்து வைப்பாள். நாலு பக்கமும் காற்று புகும். இந்த வருசம் மகள் பேச்சைக் கேட்டுப் பட்டறையைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கிடங்கில் கொண்டுவந்து இறக்கினாள். அவளைப் பார்த்து ஊரே இறக்கியது. ஐப்பசியில் ஊன்ற வேண்டிய விதை மொத்தமும் இப்போது 8.1-ஐ நம்பிக் கிடக்கிறது. காற்றாடி ஒரு பகல் நின்றால் புழுங்கும். இரண்டு பகல் நின்றால் முளைத்துவிடும், அல்லது அழுகிவிடும். கையால் போடுகிற சுவிட்ச் ஒன்று இருந்தது. அது நவீனமயத்துக்கு இழுக்கு என்று திறப்பு விழாவுக்கு முதல் நாள் கழற்றிவிட்டார்கள்.

அன்று ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவளைக் கொளஞ்சியம்மாள் விடவில்லை.

“என்ன புள்ள, காலு அந்த ஆட்டம் ஆடுது?”

“நிரல்ங்கிறது குழம்பு வைக்கிற பக்குவம்னு வெச்சுக்கம்மா. ரன்டைம்ங்கிறது அடுப்பு. பக்குவத்துல ஒரு குத்தமும் இல்ல. அடுப்புல கேஸ் கசியுது.”

“அப்ப அடுப்ப மாத்த வேண்டியதுதான?”

“மாத்தலாம். நாளைக்குச் சொல்லி மாத்திருவேன்.”

அவளுக்கு வயசு இருபத்தாறு. ஆபீஸில் அது ஓர் அனுபவமே அல்ல.

*

கண்காணிப்பாளர் சுமதி மேடம் கோப்பு விஷயத்தில் கரை கண்டவர். வெற்றிச்செல்வி சொன்னதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“எவ்வளவு நேரம் புடிக்கும்?”

“பத்து நிமிசம் மேடம்.”

“பத்து நிமிச வேலையைப் பத்து நிமிசத்துல முடிச்சிட்டா, இத்தன நாளு ஏன் முடிக்கலன்னு ஆடிட்ல கேப்பாங்க. அதுக்கு நீ பதில் சொல்லுவியா?”

“நேத்துதான் மேடம் அறிவிப்பே வந்துச்சு.”

“அப்ப எதுக்கு இன்னிக்கே அவசரம்?”

இரண்டு பக்கமும் அடைபட்ட சந்தில் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு. சுமதி மேடமே இரக்கப்பட்டு அவளை இணை இயக்குநரிடம் கூட்டிப்போனார்.

இணை இயக்குநர் ராசாங்கம் மேடை இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பவர். அறிவிப்பை அச்செடுத்துக் கொடுத்ததும், அதைத் தூர வைத்துப் படித்தார்.

“இத யாரு வெளியிட்டது?”

“அந்த மொழிய உருவாக்குனவங்களே சார்.”

“தன் சரக்குல ஓட்டை இருக்குன்னு தானே ஊரறியச் சொல்றானா? என்ன நிர்வாகம் இது? நான் முப்பது வருச சர்வீஸ்மா. ஒரு தப்பையாவது நாங்களா ஒத்துக்கிட்டதா சரித்திரம் உண்டா? அதனாலதான் நம்ம துறை இன்னிக்கும் நிமிந்து நிக்கிது.”

“சார், 8.4 போட்டுட்டா போதும்…”

அவர் எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள். கல்வெட்டின் முன் நின்று அந்த எண்ணைத் தொடாமல் விரல் நீட்டிக் காட்டினார்.

“இது என்ன?”

“8.1 சார்.”

“மாண்புமிகு எதைத் திறந்து வெச்சாரு? 8.1-ஐ. நீ உள்ள 8.4-ஐப் போட்டுட்டா, அவரு திறந்து வெச்சது எங்க? இல்லாத ஒண்ண அவரு திறந்து வெச்சதா ஆயிடும். கல்லு பொய் சொல்லலாமாம்மா?”

வெற்றிச்செல்வி கல்லைப் பார்த்தாள். கல் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கலும் அப்போதுதான் வெளியே வந்தது. பதிப்பை மாற்ற வேண்டுமானால் கணினியின் தலைமைக் கடவுச்சொல் வேண்டும். அதைத் திறப்பு விழா அன்று மாண்புமிகுவே மரியாதை நிமித்தம் தட்டினார். என்ன தட்டினார் என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் துணிவு வரவில்லை. இப்போது அவர் வேறு இலாகாவுக்குப் போய்விட்டார்.

“போன் பண்ணிக் கேக்கலாமே சார்.”

ராசாங்கம் சுமதி மேடத்தைப் பார்த்தார். ‘இந்தப் பிள்ளையை யார் வேலைக்கு எடுத்தது’ என்பது அந்தப் பார்வையின் பொருள்.

*

ஆனாலும் ஆணையம் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் பாதி ஆபத்து குறைந்திருக்கும்.

கல்லை வெட்டிய நல்லுசாமி ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் எண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, “ஒண்ண நாலாக்கணும், அம்புட்டுத்தானங்க? சாய்வா ஒரு கோடு, குறுக்க ஒரு கோடு. டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்” என்றார்.

வெற்றிச்செல்விக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. ராசாங்கமும் கொஞ்ச நேரம் யோசித்தார். சுமதி மேடம்தான் காப்பாற்றினார், அதாவது ஆணையத்தை. “திறப்பு விழாத் தேதியும் கல்லுல இருக்கு சார். அந்தத் தேதியில 8.4 வெளியாகவே இல்ல. பொறக்காத பதிப்ப மாண்புமிகு திறந்து வெச்சதா ஆயிடும்.”

“பெயர் சூட்டு விழாவுக்கு முந்தியே காது குத்துன மாதிரி” என்று ராசாங்கம் தலையசைத்தார். ஆசாரி டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்து ராசாங்கம் தலைமையில் ஆய்வுக் குழு. எந்தக் குறையானாலும் நேரில் பார்த்து, இடம் காட்டும் படம் எடுத்து, அதிகாரி அந்தக் குறையின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. குழு டார்ச்சுடன் வந்தது. கணினிப் பெட்டியின் முன்னால், பின்னால், அடியில் எல்லாம் பார்த்தது. மூடியில் சன்னமாக இருந்த சல்லடைத் துளைகளை ஓர் உறுப்பினர் சந்தேகமாகப் பார்த்து, “இது முன்னயே இருந்துச்சா?” என்று கேட்டார்.

“அது காத்துக்கு சார். நான் சொல்ற ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்குப் பக்கத்துல நான் எப்படிம்மா நிக்கிறது?”

கேள்வி நியாயமானதுதான். குழு தன் அறிக்கையில், ‘மேற்படி ஓட்டை எதுவும் காணப்படவில்லை. இனி ஏற்படாவண்ணம் கண்காணிக்கப்படும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டது. கண்காணிக்க வாசலில் இரண்டு காவலர்களும் ஒரு பதிவேடும் வந்தன. உள்ளே நுழைய விரும்புபவர் பெயரும் ஊரும் எழுத வேண்டும். இணையத்தின் வழியாக வருகிறவர்கள் எங்கே எழுதுவார்கள் என்று வெற்றிச்செல்வி கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பதிவேடு வந்துவிடும்.

வேலையில் இருப்புக் கொள்ளவில்லை அவளுக்கு. உட்கார்ந்தால் எழுவாள், எழுந்தால் போய்க் காற்றாடிச் சத்தம் கேட்கிறதா என்று சுவரில் காதை வைப்பாள். பஸ்ஸில் சீட்டு கிடைத்தாலும் நின்றுகொண்டே போனாள். “அடுப்ப மாத்திட்டியா புள்ள?” என்று அம்மா கேட்கிறபோதெல்லாம், “மாத்துறாங்கம்மா” என்றாள். “அப்ப நாம வெங்காயத்த எடுத்துக்குவமா?” என்றாள் அம்மா ஒருநாள். அதுவும் முடியாது. வரப்போகிற ஆண்டு விழாவில் கிடங்கு நிறைந்து இருக்க வேண்டும் என்று கதவைத் திறக்கத் தடை போட்டிருந்தார்கள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், ‘நல்வரவு’ என்று ஓடிக்கொண்டிருந்த வாசல் மின்பலகையில் சிவப்பாக வேறு எழுத்து ஓடியது.

‘ஐயா, உங்க ரன்டைம் பழசு. எவன் வேணா உள்ள வரலாம். நானே வந்துட்டேன். ஒண்ணும் தொடல. தயவுசெஞ்சு புதுப்பிச்சுக்கங்க.’

யாரோ நல்லவன். எந்த ஊர்க்காரனோ. வெற்றிச்செல்வி ஓடிப்போய் ராசாங்கத்தைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தாள். அவர் பலகையை இரண்டு தடவை படித்தார்.

“அனுப்புனது யாரு?”

“தெரியாது சார். ஆனா சொல்றது உண்ம.”

“பேரு இல்ல. விலாசம் இல்ல. இது மொட்டக் கடுதாசிம்மா. மொட்டக் கடுதாசி மேல நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு அரசாணையே இருக்கு. உண்மையா இருந்தா இன்னும் கூடாது.”

“ஏன் சார்?”

“பொய்யா இருந்தா கிழிச்சுப் போட்டுடலாம். உண்மையா இருந்தா, அத நமக்கு முன்னாடி வேற ஒருத்தன் கண்டுபுடிச்சதா ஆயிடுமில்ல?”

ஆனாலும் அவர் கலங்கித்தான் போனார். அதன் விளைவு, பாதுகாப்பு விழிப்புணர்வு வாரம். பெரம்பலூர் பாலக்கரையிலிருந்து பேரணி. கோலப் போட்டி. அரியலூர் வரைக்கும் வழிநெடுக பிளெக்ஸ்: ‘எங்கள் 8.1, எங்கள் பெருமை.’ ஊழியர்கள் எல்லோரும் வலக்கையை நீட்டி, “எட்டு புள்ளி ஒன்றை என் கண்ணின் மணிபோல் காப்பேன்” என்று உறுதிமொழி எடுத்தார்கள். வெற்றிச்செல்வியும் நீட்டினாள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்து, உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று சுமதி மேடம் முதுகில் தட்டிக்கொடுத்தார். படங்கள் எல்லாம் பதிப்பு எண்ணோடு ஆணையத்தின் இணையத்தளத்தில் ஏறின. உலகத்தில் எந்தெந்தப் பூட்டு பழசு என்று தேடித் திரிகிறவர்களுக்கு, இந்தப் பூட்டின் நம்பரை வண்ணப்படத்துடன் விளக்கிய மாதிரி ஆயிற்று.

*

வாரத்தின் நிறைவு விழா அரியலூரில். அதிகாரிகள் எல்லோரும் விடிந்ததும் ஜீப்பில் போய்விட்டார்கள். கிடங்கில் வெற்றிச்செல்வியும் காவலர்களும்தான். முற்பகலில் காற்றாடிச் சத்தம் நின்றது.

முதலில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரையில் ஏதோ அயல்மொழியில் ஒரு சிரிக்கிற முகம். கிடங்குக்குள் சூடு ஏறிக்கொண்டே போவதைக் காட்டுகிற எண் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

ராசாங்கத்துக்குப் போன் போட்டாள். பின்னணியில் நாதசுரம்.

“சார், உள்ள எவனோ வந்துட்டான். ஃபேன் எல்லாம் நின்னுடுச்சு.”

“பதிவேட்டுல எழுதியிருக்கானா பாரு.”

“சார், வெங்காயம் வெந்துடும் சார். கதவும் தொறக்க மாட்டேங்குது.”

“பதறாத. திங்கக்கிழமை கமிட்டியக் கூட்டிடுவோம். இப்ப நான் பேசணும், கூப்புடுறாங்க.”

சுவரில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூக்கில்தான் தெரிந்தது, புழுங்கிய வெங்காயத்தின் இனிப்பு வாடை. அது அவள் வீட்டு வாடை. ஐப்பசியில் அம்மா கூடையோடு காட்டில் குனிந்து நிற்பதும், ஊன்ற ஒன்றும் இல்லாமல் நிமிர்வதும் கண்ணில் வந்து போயிற்று. ஊர்க்காரர்கள் அவளை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் பார்ப்பார்கள்.

உள்ளே போகக் கடவுச்சொல் இல்லை. அது மாண்புமிகுவின் விரல் நுனியில் இருக்கிறது. ஆணையத்தின் கணினிக்கு இன்றைக்கு இருக்கிற ஒரே வாசல் அந்த ஓட்டைதான். திருடன் போன வழி.

ஓட்டைக்குள் எப்படிப் போவது என்று எவரோ இணையத்தில் செயல்முறையோடு விளக்கி வைத்திருந்ததை அவள் முன்பே பார்த்திருந்தாள். அதைப் பரீட்சையில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதுகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். முதல் தடவை தப்பாகிவிட்டது. இரண்டாம் தடவையும். உள்ளங்கை வேர்வையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். திரை ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டு அவள் சொன்னபடி கேட்டது.

சிரிக்கிற முகத்தைத் துரத்தினாள். 8.4-ஐ இறக்கிப் பொருத்தினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காற்றாடிகள் ஓர் உறுமலோடு கிளம்பின. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை கமிட்டி ஞாபகத்துக்கு வந்தது. கதவுகளைத் திறந்தாள். அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, டிராக்டர எடுத்துட்டு வரச் சொல்லு. எல்லாரையும்.”

“அடுப்ப மாத்தியாச்சா?”

“மாத்தியாச்சு. இருந்தாலும் நீ வா.”

காவலர்கள் தடுக்கவில்லை. உள்ளே நுழைகிறவர்களைத்தான் பதியச் சொல்லியிருந்தார்கள். ஊரே வரிசையாகப் பெயர் எழுதிவிட்டு, மூட்டைகளோடு வெளியே போயிற்று.

*

விசாரணை நடந்தது. குற்றம் மூன்று என்று ராசாங்கம் வாசித்தார். அனுமதியின்றிக் காற்றாடி சுழன்றது. விழா இன்றிக் கதவு திறந்தது. கல்லுக்கும் கணினிக்கும் முரண்பாடு உண்டானது. வெங்காயம் பிழைத்தது எந்தப் பத்தியிலும் வரவில்லை.

“எப்படி உள்ள போன?”

“ஓட்டை வழியா சார்.”

ராசாங்கம் பேனாவை வைத்தார். சுமதி மேடம் அவர் காதருகே குனிந்தார். “ஓட்டை இல்லன்னு குழு அறிக்கை குடுத்திருக்கு சார். நீங்கதான் தலைவர்.”

ராசாங்கம் அறிக்கையை எடுத்து, அடியில் இருந்த தன் கையெழுத்தைத் தூர வைத்துப் பார்த்தார்.

“இல்லாத ஓட்டை வழியா யாரும் போக முடியாது” என்றார் ராசாங்கம் கடைசியில். “ஆகவே நீ போகல. உன் மேல குத்தம் இல்ல. நிம்மதியா போம்மா.”

அவள் நிம்மதியாகத்தான் எழுந்தாள். கதவருகே போனபோது அவர் சேர்த்துச் சொன்னார்: “உன்ன எடுத்தது 8.1-க்கு. இப்ப உள்ள இருக்கிறது 8.4. அதனால உன் ஒப்பந்தம் தானா முடிஞ்சிடுது.”

8.4-ம் நீடிக்கவில்லை. கல் உண்மை பேச வேண்டுமே. கணினியை வாங்கிய நிறுவனத்தாரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அழித்து, பழையபடி 8.1-ஐ ஏற்றினார்கள். மறுதிறப்பு விழாவுக்கு மாண்புமிகு வர ஒப்புக்கொண்டார். பொற்கரங்களால் மறுபடியும் தட்டுவார். கிடங்கு காலியாக இருந்ததால், ஆண்டிமடத்திலிருந்து முந்திரிக்கொட்டை கொண்டுவரச் சொல்லி விவசாயிகளுக்குத் தாக்கீது போயிற்று.

விழா அன்று வெற்றிச்செல்வி போனாள். எதற்குப் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கடைசி வரிசையில், முந்திரி மூட்டை ஏற்றிய டிராக்டர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டிருந்தவர் ஆண்டிமடத்துக் குழந்தைவேல் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

“பாப்பா, நீ இங்க வேல பாத்த புள்ளையாமே. உள்ள வெச்சா பத்திரமா இருக்குமா? மக கல்யாணத்துக்குன்னு வெச்சிருக்கிற கொட்ட இது. விழா முடிஞ்சதும் எறக்கணும்ங்கிறாங்க.”

அவள் பதில் சொல்வதற்குள் கைதட்டல். மாண்புமிகு மேடையிலேயே ஏதோ தட்டினார். காற்றாடிகள் காலிக் கிடங்குக்குள் சுழலத் தொடங்கின. ராசாங்கம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “உலகமே மாறிக்கிட்டு இருக்கு. நாம மாறல. இதுதான் நம்ம சாதனை.”

வெற்றிச்செல்வி பையிலிருந்து செல்போனை எடுத்தாள். இந்தத் தடவை பார்த்து எழுத வேண்டியிருக்கவில்லை.

வாசல் மின்பலகையில் ‘நல்வரவு’ நின்று, சிவப்பு எழுத்து ஓடத் தொடங்கியது. ‘அனுப்புநர்: கொ. வெற்றிச்செல்வி, முன்னாள் கணினி உதவியாளர், ஆலத்தூர் வட்டம், பெரம்பலூர் மாவட்டம். பெறுநர்: உயர்திரு இணை இயக்குநர் அவர்கள். ஐயா, பொருள்: கிடங்கின் ரன்டைமில் ஓட்டை உள்ளது தொடர்பாக. மேற்படி ஓட்டை வழியாகவே இம்மனு தங்கள் மேலான பார்வைக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது. இதற்குள் யாரும் வரலாம். ஆகவே யாரும் முந்திரியை இறக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.’

குழந்தைவேல் எழுத்துக் கூட்டிப் படித்தார். பலகையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய் டிராக்டரைக் கிளப்பினார். அவர் திரும்பியதைப் பார்த்து அடுத்தது திரும்பியது. பிறகு அதற்கடுத்தது.

மேடையில் ராசாங்கம் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்தியும் கேட்டது.

“பேரு இருக்கே. விலாசமும் இருக்கே. இப்ப என்ன பண்றது?”

சுமதி மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓடுகிற மனுவை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை பொறுமையாகப் பார்த்தார்.

“கையெழுத்து இல்ல சார்.”